முதலில் விழுந்த பச்சை

கார் இருக்கிறதுங்க. கார் இல்லாமல் பஸ் ஏறிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பி அந்தப் பின் கண்ணாடி வழியாகப் பாருங்கள், வெள்ளைக் கார் ஒன்று வருகிறதா? வருகிறதல்லவா. எங்கள் கம்பெனிக் கார்தான் அது. ஓட்டி வருவது என் சகலை. பக்கத்து சீட் காலி. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு அதில் நான் சாய்ந்து வந்திருக்கலாம். வரவில்லை. காந்திபுரத்தில் இந்த பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடி வந்து ஏறிவிட்டேன்.

கோபமா? சேச்சே. அவன்மேல் எனக்கு என்ன கோபம்? அவர் என்றுதான் சொல்ல வேண்டும், வீட்டில் அப்படித்தான் சொல்வேன், மரியாதைக்கு. பஸ்ஸில் யார் கேட்கப் போகிறார்கள். அவன் என்றே சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பஸ் எத்தனை இடத்தில் நின்றது? பீளமேட்டில் நின்றது, சின்னியம்பாளையத்தில் நின்றது. அவன் நினைத்தால் முந்திக்கொண்டு இந்நேரம் அவினாசி போயிருக்கலாம். முந்த மாட்டான். பஸ் நின்றால் அவனும் நிற்பான். மூத்தவன் போகிற வண்டியை முந்தக் கூடாதாம். அந்தப் பணிவு இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

நீங்களும் திருப்பூர்தானே? நல்லது. ஊர் போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

என் பெயர் அங்கமுத்து. பனியன் கம்பெனி. கலாகோதை நிட்வேர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? சரி, பரவாயில்லை. எங்கள் மாமனார் ஆரம்பித்தது. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கலாமணி, என் வீட்டுக்காரி. இளையவள் கோதை, அவளைக் கட்டியவன்தான் பின்னால் வருகிற மோகனசுந்தரம். இரண்டு பெண்கள் பெயரையும் சேர்த்துக் கலாகோதை. கலாதான் முதலில், கவனித்தீர்களா? எதற்கும் ஒரு வரிசை இருக்கிறதுங்க.

மாமனார் போகும் முன் ஒரு ஏற்பாடு செய்து வைத்தார். ஆர்டர் என்றாலும் சரி, செக் என்றாலும் சரி, இரண்டு மாப்பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். மூத்தவர் மேலே, இளையவர் கீழே. 'மேலே', 'கீழே' என்று அவர் வாயாலேயே சொன்னார். என் காதால் கேட்டேன்.

என் கையெழுத்தை நீங்கள் பார்த்ததில்லை. முதலில் பிள்ளையார் சுழி. 'உ' போடாமல் நான் எதையும் தொட மாட்டேன், மளிகைச் சீட்டுக்கும் 'உ' உண்டு. பிறகு தமிழில் முழுப் பெயர். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, பெயருக்குக் கீழே முழுக்க ஓடி, முதல் எழுத்தடியில் போய் நிற்கும். எங்கள் பேங்க் மேனேஜர் ஒருமுறை சொன்னார், "சார், இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்." அந்த வாலுக்குக் கீழே இடம் இருந்தால்தான் மோகனசுந்தரம் போடுவான். குட்டியாக, எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ ஒன்று.

எனக்கு ஒரே ஒரு குறை. பச்சை மை. அது ஆபீசர்களுக்குத்தானே. தாசில்தார் பச்சையில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒரு மாதிரி இருக்கும். நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

மோகனசுந்தரம் ரொம்ப வருஷம் வெளிநாட்டில் இருந்தான். எஸ்டோனியா. அப்படி ஒரு நாடு இருக்கிறதாம், கையெழுத்துப் போடப் பேனாவே தேவைப்படாத நாடாம். கம்ப்யூட்டர் வேலை. மாமனார் காரியத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. நாற்பத்தெட்டு வயதில் பனியன் தொழில் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான். கற்றுக்கொள்ளட்டும், எனக்கென்ன. ஆனால் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். அவ்வளவுதான், கலாமணி ஆரம்பித்துவிட்டாள்.

"அவரு தட்டை அவரே கழுவறாருங்க."

"கழுவட்டும்."

"சத்தமே இல்லாம பேசறாருங்க. அடுத்த ரூம்புக்குக் கேக்கறதில்ல."

"அப்ப எப்படித்தான் கேக்குது உனக்கு?"

முப்பது வருஷம் இந்தக் குடும்பத்துக்காகச் சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் நாயாக அலைந்தவன் நான். ஒரு நாளும் யாரும் நான் பேசுகிற சத்தத்தை அளந்து பார்த்ததில்லை. ஒரு தட்டைக் கழுவினான், நல்லவனாகிவிட்டான். நானும் ஒரு நாள் கழுவிப் பார்த்தேன். "ஏனுங்க, உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

பொறாமை என்று நினைக்கிறீர்களா? அப்படியெல்லாம் எனக்குப் பழக்கமில்லைங்க. ஒரு நியாயம் வேண்டாமா என்கிறேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து அவன் அந்தக் கையெழுத்து விஷயத்தைக் கொண்டுவந்தான். டென்மார்க்கில் எங்கள் சரக்கை வாங்குகிற ஒரு பையர், பெரிய ஆர்டர்க்காரர். அவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காகிதம் அனுப்பி, நாங்கள் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து திருப்பி அனுப்புவதற்குள் நாள் ஓடிவிடும். இவன் போனிலேயே போட்டுவிடலாம் என்றான். பிளாக்செயினாம்.

"அண்ணா, இதுல நீங்க போட்டீங்கன்னா அது ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் நிக்காது. நம்மகிட்ட ஒண்ணு, பையர்கிட்ட ஒண்ணு, வெளியில எங்கெங்கயோ நூறு எடத்துல ஒண்ணு. ஒவ்வொண்ணும் முந்தினதோட கோத்துக்கும், சங்கிலி மாதிரி. நடுவுல ஒரு கண்ணியை மட்டும் உருவ முடியாது. நீங்களே நெனச்சாலும் அழிக்க முடியாது."

"நான் எதுக்கப்பா அழிக்கறேன்?"

"சும்மா சொன்னேனுங்கண்ணா."

"சட்டம் ஒத்துக்குமா?"

"ஒத்துக்க ஆரம்பிச்சுட்டாங்கண்ணா. சர்க்காருலயே இப்ப பட்டாவுல யாரு பேனாவுல போடறாங்க? கட்டம் கட்டமா ஒரு படம், போனைக் காட்டினா வந்துருது."

"சர்க்காரு செய்யறதையெல்லாம் நாமளும் செய்யோணுமா?" என்று எழுந்து வந்துவிட்டேன். என் வால் போட எங்கே இடம் இருக்கிறது அதில்? கண்ணாடியைத் தொட்டால் கையெழுத்து என்றால், லிஃப்ட் பட்டனை அமுக்குகிறவனெல்லாம் கையெழுத்துப் போட்டவனா?

ஆனால் அவன் விடவில்லை. விடவில்லை என்றால் வற்புறுத்தவில்லை, அதுதான் அவன் தந்திரம். மறுநாள் போனை என் மேஜையில் வைத்துவிட்டு, "சும்மா பாருங்கண்ணா" என்று போய்விட்டான். பார்த்தேன். என் பெயர் இருந்தது, பக்கத்தில் ஒரு வட்டம். வட்டத்தைத் தொட்டேன். பச்சை! பளிச்சென்று ஒரு பச்சை டிக். தாசில்தார் பச்சை.

மாலையில் அவன் வந்தபோது சாதாரணமாகக் கேட்டேன், "இதுல யாரு பேரு மேல வரும்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கண்ணா. யாரு முதல்ல அமுக்கறாங்களோ அவங்க பேரு மேல நிக்கும்."

புரிகிறதா? மாமனார் போட்ட வரிசையை அந்த யந்திரம் ஒரே அடியில் தூக்கி எறிந்துவிட்டது. மூத்தவன் இளையவன் எல்லாம் அதற்குக் கிடையாது. யார் முதலில் தொடுகிறானோ அவன் மேலே. இந்த விஷயத்தை 'ஒண்ணும் இல்லீங்கண்ணா' என்று சொல்கிறான் பாருங்கள்.

அன்றிலிருந்து போன் என் கையை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனால் சோப்புப் பெட்டி பக்கத்தில் போன். கோயிலில் தீபாராதனை, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன், இன்னொரு கையில் போன். "சாமிகிட்ட ஏதாச்சும் சேதி வரோணுமுங்களா?" என்று கலாமணி கேட்டாள். டிங் என்று சத்தம் வரும். திறப்பேன். குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும், அதில் முதலில் 'உ' அடிப்பேன். அது இல்லாமல் கை ஓடாதுங்க. பிறகு வட்டத்தைத் தொடுவேன். பச்சை விழும். மேலே அங்கமுத்து. அப்புறம் கொஞ்ச நேரம் போனை வைக்க மாட்டேன், கீழே மோகனசுந்தரம் என்று விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். விழுந்ததும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு போய்ச் சாப்பிடுவேன்.

ஒரு வருஷம். ஒரு தடவைகூட அவன் பெயர் மேலே வந்ததில்லை.

அவனும் போட்டி போட்டானா என்று கேட்கிறீர்களா? போட்டிருக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் நான் எதற்கு அவ்வளவு வேகமாக அமுக்கினேன்?

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், வெயில் இந்தப் பக்கம் வருகிறது. கார் இருக்கிறதா பின்னால்? இருக்கும், இருக்கும்.

அப்புறம் அவினாசியில் ஒரு கல்யாணம் வந்தது. சொந்தத்தில்தான். முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டோம். நான் இந்த வரிசை, எனக்கு நேர் எதிர் வரிசையில் அவன். ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறேன், டிங். இரண்டு பேர் போனும் ஒன்றாகத்தான் சத்தம் போடும். நிமிர்ந்து பார்த்தேன். அவன் இடது கை சட்டைப் பைக்குப் போகிறது.

எனக்கு வலது கை முழுக்க ரசம். கழுவ எழுந்தால் நேரமாகிவிடும். இடது கையால் போனை எடுத்து, இலைக்குப் பக்கத்தில் வைத்து, இடது கட்டை விரலாலேயே 'உ' அடித்து, வட்டத்தைத் தொட்டேன். பச்சை. பிறகுதான் அவனைப் பார்த்தேன். அவன் பையிலிருந்து எடுத்தது கைக்குட்டை. வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இருந்தாலும், கைக்குட்டையை எடுத்த கை அடுத்து போனை எடுக்காது என்று என்ன நிச்சயம்?

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் கேட்டான், "ஏதோ வந்துச்சே, பாத்துட்டீங்களாண்ணா?"

"போட்டாச்சு."

"அண்ணா பாத்துட்டா சரிதான்" என்று அங்கேயே ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவனும் தொட்டான். படித்துக்கூடப் பார்க்கவில்லை. மூத்தவன் பார்த்ததை இளையவன் திரும்பிப் பார்த்தால் மரியாதைக் குறைவாம். அந்த ஒரு மரியாதைதான் எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. தப்பு யாருடையது, நீங்களே சொல்லுங்கள்.

வந்தது என்ன தெரியுமா? டென்மார்க்காரர்கள் டெலிவரி தேதியை முன்னால் இழுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்குள் போகவில்லையென்றால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு எங்களுடையது. எக்ஸ்போர்ட்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாதுங்க. கப்பலில் போக வேண்டிய பனியன் விமானத்தில் போனால், பனியனைவிட டிக்கெட் விலை ஜாஸ்தி. நாங்கள் பழைய தேதியை நினைத்துக்கொண்டு சாவகாசமாகத் தைத்துக் கப்பலில் அனுப்பினோம். சீசன் போன பிறகு சரக்கு போய் இறங்கியது. அவர்கள் அந்தப் பச்சை டிக்கைக் காட்டி நஷ்ட ஈடு கேட்டார்கள். அதைக் கொடுத்தால் புதிதாகக் கட்டிய தையல் யூனிட்டை விற்க வேண்டியதுதான். அங்கே வேலை செய்கிற ஜனங்களை எங்கே அனுப்புவது?

பழைய ஒப்பந்தப்படி தகராறு வந்தால் கோயமுத்தூரில் நடுவர் வைத்து விசாரிக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஜட்ஜம்மா ஒருவர் நடுவர். எங்கள் வக்கீல் சங்கமேஸ்வரன், நல்ல மூளைக்காரர். அவர் உட்கார வைத்துச் சொன்னார்.

"ஆதார் வெச்சுப் போடறது, லைசன்ஸ் இருக்கற கம்பெனி தர்ற யு.எஸ்.பி. குச்சி வெச்சுப் போடறது, இதுக்கெல்லாம் சட்டத்துல நேரா எடம் இருக்குதுங்க. உங்க சங்கிலிக் கையெழுத்து அந்தப் பட்டியல்ல இல்ல. அதுக்காகச் செல்லவே செல்லாதுன்னும் சொல்ல முடியாது. ஆனா தானா நம்பிக்க மாட்டாங்க. இது இவரு போட்ட கையெழுத்துதான்னு அவங்கதான் நிரூபிக்கோணும். கண்ணாடியைத் தொட்டது நீங்களா, தொட்டிருந்தாலும் கையெழுத்துன்னு நெனச்சுத் தொட்டீங்களா, ரெண்டும் அவங்க பாடு."

"நான் லிஃப்ட் பட்டன்னு நெனச்சுத்தானே தொட்டேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதாங்க. அதையே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடக் கொறைய வேண்டாம்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள். பட்டியலில் இல்லை! அவன் எஸ்டோனியாவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த சாமானுக்கு நம் சட்டத்தில் தானாக ஒரு நாற்காலி கிடையாது. அன்று வீட்டுக்குப் போனதும் கலாமணியிடம் நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை அவள், "கேஸு ஜெயிக்கறது சந்தோசமா, அவரு தோக்கறது சந்தோசமா?" என்று கேட்டாள். பெண்களுக்குச் சட்டம் விளங்காதுங்க.

இன்று காலையில் விசாரணை. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். டென்மார்க்காரர்களுடைய வக்கீல் பெங்களூர்க்காரர், தமிழ் தெரிந்தவர். அவர் கேட்டார், நான் சொன்னேன். கையெழுத்து என்றால் பேனா, மை, காகிதம். லிஃப்ட் பட்டனை அமுக்குவதுபோல ஏதோ அமுக்கினேன். பந்தியில் உட்கார்ந்திருந்தேன், இடது கையால் அமுக்கினேன், இடது கையால் எவனாவது கையெழுத்துப் போடுவானா? ஜட்ஜம்மாகூடச் சிரித்துவிட்டார். சங்கமேஸ்வரன் மேஜைக்கடியில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஜெயித்த மாதிரிதான். வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அடுத்து மோகனசுந்தரம். அவன் எழுந்து நின்று, அந்தச் சத்தமில்லாத குரலில் சொன்னதைக் கேளுங்கள்.

"இதுல அண்ணன் மேல ஒண்ணும் இல்லீங்கம்மா. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான். படிச்சுப் பாக்கற பொறுப்பும் என்னோடதுதான். என்னை நம்பித்தான் அண்ணன் அமுக்கினாரு. இதுல முதல் ஆளு நான்தாங்க. அவரு எனக்குப் பின்னாலதான்."

பின்னால்! நான்! ஒரு வருஷம் குளியலறையிலும் கோயிலிலும் போனைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன் நான். எத்தனை பேர் முன்னால் சொல்கிறான் பாருங்கள், டைப் அடிக்கிற பெண் அதை டைப் வேறு அடித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்தில் ஏறிவிட்டால் அப்புறம் என்ன செய்வது?

நான் எழுந்துவிட்டேன்.

"பொய்யிங்கம்மா. முதல்ல போட்டது நான்."

சங்கமேஸ்வரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஜட்ஜம்மா, "உக்காருங்க. உங்க சாட்சியம் முடிஞ்சுது" என்றார்.

"முடியலீங்கம்மா. இவரு ஒரு தடவைகூட எனக்கு முன்னால போட்டதே இல்ல. இதுல என் பேருதான் மேல. வேணும்னா குறிப்புக் கட்டத்தைப் பாருங்க. 'உ' இருக்கும். அது என்னோடது. இவரு 'உ' போடவே மாட்டாரு."

ஜட்ஜம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார்.

"இருக்குது. ஒரு 'உ' இருக்குது. இது நீங்க போட்டதா?"

"நான்தானுங்க."

"எதுக்குப் போட்டீங்க?"

"பிள்ளையார் சுழிங்கம்மா. அதைப் போடாம நான் கையெழுத்தே போட மாட்டேன்."

"லிஃப்டுல ஏறும்போது 'உ' போடுவீங்களா?"

"அது எப்படீங்கம்மா, லிஃப்டுல?"

"அப்ப இது கையெழுத்துன்னு தெரிஞ்சுதான் போட்டிருக்கீங்க."

பெங்களூர் வக்கீல் எழுந்து, இதை அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ரொம்பப் பணிவாகக் கேட்டுக்கொண்டார். எங்கள் சங்கமேஸ்வரன் ஃபைலை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு ஜன்னலில் என்ன தெரிந்ததோ.

உண்மையைத்தானேங்க சொன்னேன்? முதலில் போட்டது நான்தானே? ஒருத்தன் பொய் சொல்லும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

வெளியே வராந்தாவில் சங்கமேஸ்வரன் என்னிடம், "போங்கண்ணா, போயி நல்லாச் சாப்புடுங்க" என்றார். அவ்வளவுதான். மோகனசுந்தரம் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நாலு பேர் முன்னால் திட்டினான் என்று நானும் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பேன். அவன் காரிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான்.

"குடிங்கண்ணா."

"நீ என்னத்துக்கப்பா அப்படிச் சொன்னே?"

"உங்க பேருல ஒரு கறை வரக்கூடாதுன்னுதான்."

"என் பேரு மேல இருக்கறதுக்குப் பேரு கறையா?"

என்னைப் பார்த்தான். சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. எங்கேயோ தொலைவில் நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு சொன்னான், "இது இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சுங்கண்ணா."

எது தெரியாமல் போயிற்று என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"வாங்க, வண்டியில பேசிட்டே போலாம்."

"நான் பஸ்ஸுல வர்றேன்."

"சரிங்கண்ணா. உங்களுக்கு ஒண்ணு அனுப்பறேன். அவசரமே இல்ல. வீட்டுக்குப் போயி, அக்காளை வெச்சுப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அப்பறம் போடுங்க."

அக்காளை வைத்துப் படிக்கச் சொல்லி! எனக்குப் படிக்கத் தெரியாதாம். இதற்குத்தான் பஸ் ஏறினேன். காரில் வந்தால் அவன் என்னை வாசலில் இறக்கிவிட்டு, அவன் வாயால் முதலில் கலாமணியிடம் சொல்லிவிடுவான். அதுவும் என்மேல் தப்பே இல்லை என்று சொல்வான். அதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாதுங்க.

இது எந்த ஊர், தெக்கலூரா? டிரைவர் வேகமாகத்தான் ஓட்டுகிறான்.

இருங்கள். டிங். கேட்டீர்களா? அவன்தான் அனுப்பியிருக்கிறான். ஓட்டிக்கொண்டே எப்படி அனுப்பினான்? வழியில் நிறுத்தியிருப்பான். நிறுத்தி, அனுப்பி, இந்நேரம் அவன் விரலும் அந்த வட்டத்துக்கு மேலேதான் இருக்கும். கொஞ்சம் இந்தப் பையைப் பிடியுங்கள். பிடியுங்கள் சொல்கிறேன்.

உ.

ஆச்சு. பச்சை. பார்த்தீர்களா? என்ன ஒரு நிறம்! மேலே அங்கமுத்து. ஓடுகிற பஸ்ஸில் போட்டேன், வலது கையாலேயே.

படிக்கவா? படிக்கலாம், படிக்கலாம். முதலில் கீழே அவன் பெயர் விழட்டும்.

இன்னும் விழவில்லை.

சிக்னல் இல்லையோ என்னமோ. உங்கள் போனில் சிக்னல் இருக்கிறதா? இருக்கிறதா... அப்படியென்றால் ஏன் விழவில்லை? இங்கே பாருங்கள், எப்போதும் என் பெயருக்குக் கீழே இன்னொரு வட்டம் இருக்கும், அவனுக்கு. அந்த வட்டத்தையே காணோம். என் பெயர், அப்புறம் கோடு, முடிந்துவிட்டது. யந்திரத்தில் ஏதோ கோளாறு.

உங்கள் மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுங்கள். என்னுடையது காரில் போய்விட்டது.

'கலாகோதை நிட்வேரில் இன்று முதல் இரண்டு கையெழுத்து தேவையில்லை. ஒரே கையெழுத்து போதும். அது திரு. அங்கமுத்து அவர்களுடையது. மோகனசுந்தரம் ஆகிய நான் கையெழுத்திடும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். தொழிலில் கோதைக்கு உள்ள பங்கை மட்டும் அவர் பார்த்துக்கொண்டால் போதும். மூத்த பங்குதாரர் ஒப்புதல்.'

ஒப்புதல். அதற்குக் கீழேதான் என் பச்சை.

இதென்னங்க இது? சொல்லாமல் கொள்ளாமல்? இனிமேல் டிங் என்று சத்தம் வந்தால் என் போனில் மட்டும்தான் வருமா? நான் போடுவேன், போட்டுவிட்டு... கீழே யார் போடுவது? நான் பாட்டுக்கு எந்நேரம் வேண்டுமானாலும் போடலாமா, நாளைக்கு, நாளன்றைக்கு, குளித்து முடித்துச் சாவகாசமாக? மேலே என்று எதைச் சொல்வதுங்க, கீழே ஒருத்தன் இல்லையென்றால்?

இதைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா? உங்களுக்குப் போன் விஷயமெல்லாம் தெரியும் போலிருக்கிறதே, பாருங்களேன். எங்கேயாவது அழிக்கிற பட்டன் இருக்கும். நல்லாத் தேடிப் பாருங்கள். அழிக்க முடியாதென்று அவன் சொன்னான்தான், அவன் சொல்வதெல்லாம் வேதமா?

சரி, சட்டப்படி பார்ப்போம். பட்டியலில் இல்லை என்று வக்கீல் சொன்னாரா இல்லையா? தானாக நம்ப மாட்டார்கள் என்று சொன்னாரா இல்லையா? அப்படியென்றால் இதுவும் கையெழுத்து இல்லைதானே. ஓடுகிற பஸ்ஸில், பையை உங்களிடம் கொடுத்துவிட்டு, படிக்காமல், லிஃப்ட் பட்டன் மாதிரி... நீங்களே சாட்சி. கேட்டால் சொல்வீர்கள்தானே, இவர் கையெழுத்து என்று நினைத்துப் போடவில்லை என்று?

'உ' போட்டுவிட்டேனேங்க.

கண்டக்டர், கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டாப்பிங் இல்லையென்றால் பரவாயில்லை, நான் இறங்கிக்கொள்கிறேன். ஏனுங்க, நீங்கள் ஜன்னலோரம்தானே இருக்கிறீர்கள், தலையை வெளியே நீட்டிப் பின்னால் பாருங்கள். வெள்ளைக் கார். வருகிறதா?

லாரிக்குப் பின்னால் இருக்கும், நல்லாப் பாருங்கள்.